நெல்லும் மூச்சு விடும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு உயிரியல்ல என்னடா வேலை? லேத் மெஷினைப் பத்தி எழுது, இல்லேன்னா நட்பைப் பத்தி ஒரு கவிதை எழுது" என்றான் மலர்க் குழுவில் இருக்கும் நண்பன். நட்பைப் பற்றி இந்த மலரில் எப்படியும் ஏழெட்டுக் கவிதைகள் வந்திருக்கும். லேத்தைப் பற்றி நம் ஆசிரியர்கள் சொல்லாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆகவே எஞ்சினைப் பற்றியே எழுதுகிறேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்தேன். இதுவும் எஞ்சின்தான் நண்பர்களே! ஆனால் பெட்ரோல் டேங்க் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, சத்தமும் கிடையாது. உங்கள் உடம்பிலும் ஓடுகிறது, வாசலில் நிற்கும் வேப்பமரத்திலும் ஓடுகிறது, மூட்டை கட்டி வைத்த நெல்லிலும் ஓடுகிறது. அந்தக் கடைசி இடம்தான் எங்கள் குடும்பத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூச்சு என்றால் நமக்கு மூக்கு ஞாபகம் வரும், மிஞ்சினால் நுரையீரல். உண்மையில் அதெல்லாம் சரக்கு ஏற்றி இறக்கும் இடம் மட்டுமே. நுரையீரல் ஆக்சிஜனை வாங்கி ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது, ரத்தம் அதைக் கொண்டுபோய் ஒவ்வொரு செல்லின் வாசலிலும் இறக்குகிறது. செல்லுக்குள்ளே போன பிறகுதான் மூச்சுக்கு அர்த்தமே ஆரம்பிக்கிறது. பத்தாம் வகுப்பில் 'செல் சுவாசம்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தோமே, அதேதான். குளுக்கோஸ் கூட்டல் ஆக்சிஜன், அம்புக்குறி, கார்பன்-டை-ஆக்சைடு கூட்டல் நீர் கூட்டல் ஆற்றல். எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம்.

அந்தச் சமன்பாட்டை ஒரு கடை பில் மாதிரி படித்தால் சுவையாக இருக்கும். 180 கிராம் குளுக்கோஸ் உள்ளே போகிறது, கூடவே 192 கிராம் ஆக்சிஜன். வெளியே வருவது 264 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு, 108 கிராம் தண்ணீர். இந்தப் பக்கம் கூட்டினாலும் 372, அந்தப் பக்கம் கூட்டினாலும் 372. ஒரு கிராம்கூடத் தொலையவில்லை. இது போகக் கிடைப்பது சுமார் 2,870 கிலோ ஜூல் ஆற்றல். அந்தச் சர்க்கரையை அடுப்பில் போட்டு எரித்தாலும் இதே தொகைதான் வரும், இதே பொருள்கள்தான் மிஞ்சும்.

இதை முதலில் ஊகித்து அளந்து பார்த்தவர் பிரான்ஸ் நாட்டு லவாய்சியர். லாப்லாஸ் என்ற கணித மேதையோடு சேர்ந்து, 1780-களின் தொடக்கத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் உட்கார வைத்தார். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது விடும் மூச்சில் எவ்வளவு வாயு வருகிறது என்று பார்த்தார். பிறகு கரியை எரித்து அதே கணக்கை எடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தன. உயிருள்ள பிராணி மெதுவாக எரிகிற அடுப்பு என்று தெரிந்தது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் அந்த மனிதரின் தலையை கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள்.

அடுப்பு சரி, அப்படியானால் நாம் ஏன் பற்றி எரிவதில்லை? செல் ஒரே மூச்சில் எரிப்பதில்லை என்பதுதான் விடை. குளுக்கோஸை முதலில் இரண்டாக உடைக்கிறது. இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். பிறகு அந்தத் துண்டுகளை மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு அறைக்குள் கொண்டுபோய், ஒரு சக்கரத்தில் ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கிறது. அந்தச் சக்கரத்தை 1937-இல் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்டு இங்கிலாந்து போனவர். அவர் அனுப்பிய கட்டுரையை 'நேச்சர்' என்ற பெரிய பத்திரிகை போடாமல் திருப்பி அனுப்பியது. 1953-இல் அதே கண்டுபிடிப்புக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (மலர்க் குழு நண்பன் கவனிக்க!)

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் விஷயத்துக்கு அதுதான் அச்சாணி. நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பனோடு சேர்ந்து கார்பன்-டை-ஆக்சைடாக வெளியே போகிறது என்று பலரும் நினைக்கிறோம். கரி எரிவதைப் பார்த்தே பழகியதால் அப்படித் தோன்றுகிறது. செல்லில் நடப்பது வேறு. கார்பன்-டை-ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன், சர்க்கரையிலும் செல்லில் உள்ள நீரிலும் இருந்து வருவது. நாம் இழுத்த ஆக்சிஜன் கடைசிப் படியில் காத்திருக்கிறது. சர்க்கரையிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் படி இறங்கி வருகின்றன, கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆக்சிஜன். வாங்கிக்கொண்டதும் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. அதாவது, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் செல்லுக்குள் தண்ணீராக மாறுகிறது!

சரி, எலக்ட்ரான் படி இறங்குவதால் என்ன லாபம்? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் மேட்டூர் அணை. எலக்ட்ரான் இறங்கும் வேகத்தை வைத்து, மைட்டோகாண்ட்ரியா தன் உள் சவ்வுக்கு ஒரு பக்கமாக ஹைட்ரஜன் அயனிகளைத் தேக்கி வைக்கிறது. தேங்கியது மறுபக்கம் பாய ஒரே ஒரு மதகுதான். மதகில் ஒரு டர்பைன். 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் இப்படித் தேக்கம் இருக்கிறது என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். அந்த டர்பைன் நிஜமாகவே சுற்றுகிறது என்பதை 1997-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தே விட்டார்கள். நம் துறைக்காரர்களுக்கு இது பிடிக்கும்: நடுவில் ஷாஃப்ட் உண்டு, ரோட்டார் உண்டு, அசையாத ஸ்டேட்டார் உண்டு. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் உருவாகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இப்படிப்பட்ட மோட்டார்கள் சுமார் ஒரு லட்சத்தை வரிசையாக அடுக்கலாம். மைக்ரோமீட்டரில் ஒரு டிவிஷன் தப்பாகப் படித்துத் திட்டு வாங்கும் நமக்கு இதைக் கேட்டால் மயக்கம் வராதா?

ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறைக் காசு. தசை அசைய, நரம்பு பேச, முளை விட, எல்லாவற்றுக்கும் இந்தக் காசுதான் செல்லும். ஒரு குளுக்கோஸுக்கு 30 முதல் 32 ஏ.டி.பி. வரை கிடைக்கிறது. பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். நம் உடம்பில் எந்த நேரத்திலும் கையிருப்பு மிகக் கொஞ்சம்தான். செலவழித்ததையே மறுபடி மறுபடி புதுப்பித்து, ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடையளவு ஏ.டி.பி.யைச் சுழற்றி விடுகிறோம்.

இந்தக் காசைக் கண்டெடுத்தவர்களில் ஒருவரை நம் மாணவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னையில் எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழைத்தான் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டே 1923-இல் அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு உழைத்து, 1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1948-இல் இறந்தார். 1995-இல் நம் அரசு தபால் தலை வெளியிட்டது. "டிப்ளமோதானே, டிகிரி இல்லையே?" என்று கல்யாண வீடுகளில் உதட்டைப் பிதுக்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எல்.எம்.எஸ். ஞாபகம் வரும்.

இனி நெல்லுக்கு வருகிறேன்.

குளுக்கோஸில் இருந்த 2,870 கிலோ ஜூலில் ஏ.டி.பி.யாகச் சேர்வது பாடப்புத்தகக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு. செல்லுக்குள் உள்ள நிலைமையில் அதைவிடக் கூட வரும். மீதி எங்கே? சூடாகப் போகிறது. நம் எஞ்சினில் ரேடியேட்டரும் சைலன்சரும் கொண்டுபோவது மாதிரி. அந்தச் சூட்டில்தான் நம் உடம்பு 37 டிகிரியில் நிற்கிறது. நெல்லுக்கு ரேடியேட்டர் கிடையாது. தனியாக ஒரு மணி கிடந்தால் அதன் சூடு காற்றில் கரைந்துவிடும். நான்கு டன் நெல் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால்?

நெல் செத்த பொருள் அல்ல. உமிக்குள்ளே கரு உயிரோடு படுத்திருக்கிறது, வேண்டியபோது எழுந்துகொள்ள மாவுச்சத்தை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு. நன்றாகக் காய்ந்த நெல் மூச்சு விடுவதே தெரியாது, அவ்வளவு மெதுவு. அதனால்தான் விதை நெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஈரம் ஏற ஏற அதன் மூச்சும் வேகமாகும். 20 சதவீதம் தாண்டினால் ஓடி வந்தவன் மாதிரி இரைக்கும். சூடு ஏறினாலும் அப்படித்தான், ஓர் அளவு வரைக்கும் 10 டிகிரி கூடினால் மூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை எங்கள் ஊரில் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விதை நெல்லை ஊற வைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். மறுநாள் கை வைத்தால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கும். சூடு கிளம்பினால்தான் முளை ஒன்று போலக் கிளம்பும். சூடு ஜாஸ்தியானால் தண்ணீர் தெளித்துக் கலைத்து விடுவார்கள். என் அம்மா அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தே, "இன்னும் ஒரு ராத்திரி போவட்டும்" என்று சொல்லிவிடும். தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை.

விதைச் சாக்கில் வேண்டும் என்று காத்திருக்கிற அதே சூடு, அறுவடை செய்த அம்பாரத்தில் வந்தால் எமன். கதிர் அறுத்து அரி போட்டு, ஒரு நாள் வெயில் பட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்கு வந்த காலத்தில் நெல் பாதி காய்ந்துதான் வரும். இப்போது அறுவடை எந்திரம் வயலுக்குள் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் ஏக்கரை முடித்து, 20 முதல் 25 சதவீத ஈரத்தோடு நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. எந்திரத்தைக் குறை சொல்லவில்லை, எனக்கு அது சோறு போடப்போகிற துறை. ஆனால் காய வைக்கிற வேலையை அது சேர்த்துச் செய்வதில்லை. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்துக்கொண்டு வரும் எங்கள் டெல்டாவில் வெயிலை எங்கே போய்த் தேடுவது?

2024 குறுவையில் அப்பா இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்து நெல்லை, எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். நான்கு டன், அதாவது 40 கிலோ சிப்பமாகக் கட்டினால் நூறு சிப்பம். எங்களுக்கு முன்னால் பல அம்பாரங்கள் முறைக்குக் காத்திருந்தன. நெல் 17 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் சில வருஷம் தளர்வு தருவார்கள். எங்கள் முறை வந்த முதல் நாள் மீட்டர் 18 காட்டியது. "காய வச்சுக் கொண்டாங்க" என்றார்கள். நியாயம்தான். ஆனால் அன்று மதியமே வானம் மூடிக்கொண்டது. அம்பாரத்தைக் கூட்டிக் குவித்து, படுதாவைப் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்து, அப்பா அங்கேயே படுத்துக்கொண்டார். நான்கு நாள். மழை படுதாவுக்கு மேலே அடித்தது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த நான் சாப்பாடு கொண்டுபோனேன்.

ஐந்தாம் நாள் படுதாவைப் பிரித்து மேலாக ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்கள். மீட்டர் 19-ஐத் தாண்டி நின்றது. மீட்டர் பார்த்தவர் நிமிர்ந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன பெரியவரே, ராத்திரி தண்ணி தெளிச்சீங்களா? எடை கூடுதலா வரும்னு பார்த்தீங்களோ?" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முழங்கை மறைகிற வரைக்கும் கையை அம்பாரத்துக்குள் விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தார். "தொட்டுப் பாருங்க சார். கொதிக்குது. தண்ணி தெளிச்ச நெல்லு கொதிக்குமா?" என்றார். அவர் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நண்பர்களே, எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கிற மனிதர். திருட்டுத்தனமாகத் தண்ணீர் தெளித்தவர் என்று நூறு பேருக்கு மத்தியில் சொல்லிவிட்டார்கள். நானோ கூடப் பிறந்தவர்கள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் யாருமே ஏறாத பாலிடெக்னிக் படியை ஏறியவன். படித்தவன் என்று பெயர். வாய் வார்த்தையில் சண்டை போட்டால் அது படிப்பு ஆகுமா? அன்று ராத்திரி களத்திலேயே உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில், செல்போன் வெளிச்சத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மாவுச்சத்து ஒரு கிலோ சுவாசத்தில் கரைந்தால் சுமார் 555 கிராம் தண்ணீர் உருவாகும். நான்கு டன் நெல் 19 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால் காய்ந்த சரக்கு 3,240 கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு, 32 கிலோ, மூச்சில் போனதாக வைப்போம். 18 கிலோ தண்ணீர் புதிதாகப் பிறக்கிறது. யாரும் தெளிக்கவில்லை, மழையும் உள்ளே வரவில்லை. நெல் தானே இழுத்த ஆக்சிஜனில், தானே செய்த தண்ணீர்! ஆனால் இதை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டால் 19 என்பது ஏறக்குறைய 19.5 ஆகிறது, அவ்வளவுதான். எங்கள் நெல்லில் ஒரு புள்ளிக்கு மேலே ஏறியிருந்தது. நான்கு நாளில் அவ்வளவு சரக்கு கரைந்திருக்காது. நேர்மையாகக் கணக்குப் போட்டால் மூச்சுத் தண்ணீர் பாதி விடைதான்.

மீதி விடை படுதாவில் இருந்தது. அம்பாரத்தின் வயிறு சூடாகிறது, சூடான ஈரக்காற்று நெல் இடுக்குகள் வழியாக மேலே ஏறுகிறது, மேலே மழையில் நனைந்து குளிர்ந்த படுதாவைத் தொடுகிறது. உலை கொதிக்கும் பானையின் மூடியைத் தூக்கினால் சொட்டுகிறதே, அதேதான். விடியற்காலையில் படுதாவின் உள்பக்கத்தைத் தடவினேன். சொதசொதவென்று இருந்தது. வயிற்றில் இருந்த ஈரம் முதுகுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மீட்டருக்கு அள்ளியதோ முதுகிலிருந்து. பரவலாகக் கிளறி எடுத்திருந்தால் அவ்வளவு காட்டியிருக்காது.

சூட்டுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ மாவுச்சத்து கரைந்தால் சுமார் 17,000 கிலோ ஜூல். ஒரு டன் ஈர நெல்லை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2,000 கிலோ ஜூல் வேண்டும். ஆக, ஒரு டன்னுக்கு ஒரே ஒரு கிலோ கரைந்தாலே, சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால், எட்டு டிகிரி ஏறும். ஏறிய சூட்டில் மூச்சு இன்னும் வேகம், வேகத்தில் இன்னும் தண்ணீர், தண்ணீரில் இன்னும் வேகம். போதாக்குறைக்குப் பூஞ்சணம் வந்து சேர்ந்துகொள்கிறது, அதுவும் இதே மாவைத் தின்று, இதே மூச்சை விடுகிற உயிர்தானே. கவர்னர் கழன்றுபோன டீசல் எஞ்சின் எப்படி ஓடும் என்று நமக்குத் தெரியும். அது போலத்தான். மணி பழுத்து மஞ்சளாவதும், மக்கிய வாடை வருவதும், முளை எட்டிப் பார்ப்பதும் அதன் பிறகு நடப்பவை. காற்றே புகாமல் அடைந்துபோன இடத்தில் புளித்த சாராய வாடைகூட வரும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் சர்க்கரையைப் பாதியில் விட்டுச் சாராயமாக்கி, 30-க்குப் பதில் இரண்டே இரண்டு ஏ.டி.பி.யோடு பிழைத்துக்கிடக்கும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்தீர்களா என்றார்களே, அந்த எடை என்ன ஆயிற்று? கரைந்த ஒவ்வொரு கிலோ மாவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கார்பன்-டை-ஆக்சைடு காற்றில் போய்விடுகிறது. தண்ணீரும் காய்ந்துவிடும். மேலே சொன்னபடி நூற்றுக்கு ஒன்று கரைந்திருந்தால், 17 சதவீதத்துக்குக் காய்த்த பிறகு நான்கு டன்னில் சுமார் 39 கிலோ குறையும். கிட்டத்தட்ட ஒரு சிப்பம். ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். வரிசையில் காத்திருக்கிற ஒவ்வொருவரும் இப்படிக் கொஞ்சம் நெல்லைக் காற்றுக்கு அளந்து கொடுத்துக்கொண்டே காத்திருக்கிறார். அதை எந்தத் தராசும் காட்டாது. "எலி தின்னுருக்கும்", "எந்திரக்காரன் வயல்லயே விட்டுட்டான்" என்று நம் ஆட்கள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

விடிந்ததும் அப்பாவிடம் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். பீடியை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "நெல்லு மூச்சு விடும்னு எங்களுக்குத் தெரியும்டா தம்பி. உசுரு உள்ளதுதானே. ஆனா தண்ணி விடும்னு தெரியாது. இதை அந்த சார்கிட்ட சொல்லலாமா?" என்றார். போய்ச் சொன்னோம். "இதெல்லாம் எனக்கு எதுக்கு, மீட்டர் 17 காட்டட்டும்" என்று பதில் வந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. நல்லவேளையாக அன்று பத்து மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது. களம் முழுக்கப் பரப்பி, அப்பாவும் அம்மாவும் நானும் காலால் துழாவித் துழாவி விட்டோம். இரண்டு நாள் வெயில். எட்டாம் நாள் நெல் போனது. நூறு சிப்பம் என்று நினைத்து வந்தது, எண்ணி முடித்தபோது தொண்ணூற்றாறு. காய்ந்ததில் குறைந்தது பாதிக்கு மேல், களத்தில் சிந்தியது கொஞ்சம், மூச்சில் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

களத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்ட ஒரு கேள்வியில் இருந்துதான் எங்கள் இறுதியாண்டுப் பிராஜெக்ட் பிறந்தது. "மூச்சு விடும்னு சொல்றே. அப்ப மூடி வச்சா மூச்சு முட்டாதா? நடுவுல ஒரு குழாய் வச்சா என்ன?" அதுதான் செய்துகொண்டிருக்கிறோம். நான்கு பேர் சேர்ந்து, நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் சுற்றிலும் துளை போட்டு, அம்பாரத்தின் நடுவில் நட்டு, மேல் முனையில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் விசிறி. வயிற்றில் தேங்கும் சூட்டையும் ஈரத்தையும் படுதாவைத் தொடாமலே மேலே உறிஞ்சித் தள்ளிவிடும். இது நெல்லைக் காய வைத்துவிடாது. மழை விடுகிற வரைக்கும் சூடு கிளம்பாமல் பார்த்துக்கொண்டாலே எங்களுக்குப் போதும். களத்தில் கரண்ட் இருக்குமா என்பது ஒரு கேள்வி. டிராக்டர் பேட்டரியில் ஓடும் விசிறியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைக்குப் பெரிய பிரச்சினை துளைதான். நெல் மணி குழாய்க்குள் விழக்கூடாது என்றால் துளை 2 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரு மீட்டர் குழாய்க்கு நானூறு துளை. ஒர்க்‌ஷாப்பில் இதுவரை மூன்று டிரில் பிட் உடைந்து, உதவியாளர் அண்ணன் நான்காவதைத் தர மறுத்துவிட்டார். போனில் அப்பாவிடம் சொன்னேன். "பெரிய ஓட்டையாவே போட்டுட்டு மேல வைக்கோல் பிரியைச் சுத்துங்கடா. காத்து போவும், நெல்லு போவாது" என்றார். அடுத்த குறுவைக்கு இரண்டு விதமாகவும் குழாய் செய்து, இரண்டு அம்பாரத்தில் நட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கப் போகிறோம்.